புள்ளித்தாளில் எழுதப்படாதவர்கள்

நூற்றாண்டு மலருக்கு எமது வலைப்பந்தாட்ட வரலாற்றை எழுதித் தருமாறு சங்கம் கேட்டபோது, அது பெரிய வேலையாக எமக்குத் தோன்றவில்லை. பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டி, வென்ற ஆண்டுகளையும் தலைவியரின் பெயர்களையும் வரிசைப்படுத்தினால் போதும் என்றே எண்ணினோம். ஆனால் 1990 இலும் 1991 இலும் தீவகத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் பாடசாலை அலுமாரியையும் சுமந்துகொண்டா போனார்கள்? எமது கைக்கு வந்தவை சில அறிக்கைப் பிரதிகளும், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சகோதரிகள் அனுப்பிய புகைப்படங்களும் மட்டுமே.

அவற்றுள் ஒரு படம் எம்மை நிறுத்தியது. ஏழு பிள்ளைகள் மார்பில் எழுத்துத் துணி அணிந்து நிற்கிறார்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டுமே கோல் போட்டவர்களின் பெயர்கள். மற்ற ஐவருக்கும் பெயரில்லை. அறிக்கைகளைப் பார்த்தோம். அங்கும் அதே கதைதான்: "எமது அணி வெற்றியீட்டியது", தலைவியின் பெயர், கோல் போட்டவரின் பெயர். பந்தைத் தடுத்தவர் யார், பறித்தவர் யார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இதில் ஆசிரியைகளைக் குறைசொல்ல முடியாது. ஆட்டத்தின் விதியே அப்படி. வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேர் ஆடினாலும் வளையத்துக்கு எறியும் உரிமை ஜீ.எஸ்., ஜீ.ஏ. ஆகிய இருவருக்கே உண்டு. அவர்களும் 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்றே எறியவேண்டும். ஜீ.கே. என்ற எழுத்தை அணிந்த பிள்ளையோ ஆட்டம் முழுவதும் தன் பக்கத்து மூன்றிலொரு பங்கைத் தாண்டக் கூடாது. எதிரணிப் பிள்ளையிடம் பந்து இருக்கும்போது விதித்த தூரம் தள்ளி நின்று, கையை உயர்த்தி, பந்து வரும் வழியை மறிப்பதே அவள் வேலை. அவள் எவ்வளவு நன்றாக ஆடுகிறாளோ அவ்வளவுக்குத் தாளில் ஒன்றுமே நடக்காது. நடவாத கோலை எவர் எழுதுவார்?

இந்த ஆட்டத்தின் தாயான கூடைப்பந்தாட்டத்தில் நிலைமை வேறு. 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதைத் தொடக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் கல்லூரி மாணவியருக்காக மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒருவர் எல்லையை மற்றவர் கடவாதபடி விதிகளை மாற்றினார். அந்த வழியில் வந்து, இங்கிலாந்தில் உருமாறி, 1901 இல் அச்சிட்ட விதிகளைப் பெற்றதே எமது வலைப்பந்தாட்டம். அவுஸ்திரேலியாவில் 1970 வரை அதன் பெயரே பெண்கள் கூடைப்பந்தாட்டந்தான்.

2013 இல் 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி கொழும்பில் நடைபெற்றது. இத்தகைய சர்வதேச ஆட்டம் ஒன்றின் புள்ளித்தாளைப் பார்த்த சகோதரிகளுக்குத் தெரியும்: பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் அதில் ஒரு முழு வரி இருக்கும். எத்தனை நிமிடம் ஆடினாள், எத்தனை முறை எறிந்தாள், எத்தனை விழுந்தன, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எத்தனை முறை பிடித்தாள், கோலுக்கு வழிசெய்த பந்து எத்தனை கொடுத்தாள், எத்தனை பறித்தாள், எத்தனை தடுத்தாள், எத்தனை தவறவிட்டாள். நல்லவற்றை எல்லாம் கூட்டி, தவறிய எறிகளையும் இழந்த பந்துகளையும் கழித்து, செயற்றிறன் என்று ஓர் எண்ணும் போடுவார்கள். ஒரு புள்ளியும் பெறாத பிள்ளை சில வேளை பத்துப் புள்ளி எடுத்தவளுக்கு மேலே நிற்பாள்.

இந்தக் கணக்கும் ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் தடுத்த பந்துகளையும் பறித்த பந்துகளையும் எழுதத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். பொஸ்டன் அணிக்காகப் பதின்மூன்று பருவங்களில் பதினொரு தடவை கிண்ணம் வென்ற பில் ரசல், தடுப்பாட்டத்தின் பேரரசர் என்று பெயரெடுத்தவர். அவர் ஓய்வுபெற்றது 1969 இல். அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வமான எண் கிடையாது. எமது ஜீ.கே. பிள்ளைக்கு நல்ல துணைதான் அகப்பட்டிருக்கிறது!

வலைப்பந்தாட்ட உலகில் எமது நாட்டுக்குத் தனி இடம் உண்டு என்பதை எம்மில் பலர் அறியோம். ஒரு காலம் நாட்டுக்கு நாடு விதி வேறு. நியூசிலாந்தில் ஒன்பது பேர் கொண்ட அணிகள்கூட ஆடின. 1960 இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி விதிகளைப் பொதுமைப்படுத்தி, சர்வதேசச் சம்மேளனத்தைத் தொடக்கியது இலங்கை மண்ணிலேயே. 1963 இல் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியின் பதினொரு அணிகளில் இலங்கையும் ஒன்று.

பிறகு எமது யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கதை. புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். 2018 இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 69-50 என்று வென்றபோது முன்னால் நின்றவர் அவர். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு, எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட முதலிடம் பெற்றார். அதே போட்டியில் இலங்கை பெற்ற இடம் பதினாறு அணிகளுள் பதினைந்தாவது. இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். முதலாவது எண்ணில் நாம் எவ்வளவு பெருமைப்பட்டாலும் தகும். ஆனால் அந்த 348 பந்துகளையும் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒருவர் கொடுத்திருக்கிறார். மறுமுனையில் வேறிருவர், தம்மிலும் பலமான அணிகளின் எறிகளுக்கு முன்னால் நாள்தோறும் கைதூக்கி நின்றிருக்கிறார்கள். 69-50 என்பதிலும் 69 ஐப் பேசுகிறோம்; 50 ஐ 70 ஆகவிடாமல் வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

எமது மைதானத்தை அறிந்தவர்களுக்கு இது இன்னும் விளங்கும். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் வளையத்துக்கு எறிந்த பந்து கடற்பக்கம் போகாமல் விழுந்தால் அதுவே புதுமை. அந்த நாட்களில் கோல் சூட்டரை நம்பி வென்றவர் இல்லை. பந்தை எதிரணிக்குக் கொடாமல் வைத்தே வென்றோம். பட்டினத்துப் பாடசாலைகளோடு ஆடப் போவதென்றால் நெடுந்தீவுப் பிள்ளைகள் விடியுமுன் குமுதினிப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலத்தால் போகவேண்டும். கடலாட்டத்தில் குடல் புரண்டு, பசியோடு போய் இறங்கி ஆடிய ஆட்டங்கள் அவை. தோற்றோம் என்று எழுதிய அறிக்கைகளில் இதுவும் இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரையை வெற்றிப் பட்டியலாக எழுதும் எண்ணத்தைக் கைவிட்டோம். மாறாக, தொலைபேசியில் அகப்பட்ட அக்காமார் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறோம்: "உங்கட அணியில ஜீ.கே. ஆர்? டபிள்யூ.டி. ஆர்?" கோல் போட்டவரின் பெயரை எல்லோரும் உடனே சொல்கிறார்கள். மற்றதற்குச் சற்று மௌனம். பிறகு, "பொறு பிள்ளை, முகம் கண்ணுக்குள்ள நிக்குது, பேர்தான் வருகுதில்லை" என்கிறார்கள். சிலர் மறுநாள் தாமாகவே அழைத்துப் பெயரைச் சொன்னார்கள். அப்படிக் கிடைத்தவற்றை ஆண்டுவாரியாகக் குறித்து வருகிறோம்.

அந்தப் படத்தை எதிர்ப்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டு, கீழே ஏழு கோடுகள் இட்டிருக்கிறோம். இரண்டில் பெயர் உண்டு, ஐந்து வெறுமை. ஜீ.கே. அணிந்தவர் இடப்புறம் கடைசியில், வெயில் கூசியதனாலோ என்னவோ கையை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரை அறிந்தவர்கள், அல்லது அவரே, சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.