கல்லமேட்டு எலும்பும் இணைகுறிப்பின் அலகும்

மூல ஆவணம் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து, அதை ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட சிறு குறிப்புகளாக ஆக்கித் தரும்படி ஏவும் முறையைப் பற்றி எழுதியோரிடையே ஓர் உடன்பாடு நிலவுகிறது. ஒரு குறிப்பில் ஒரு கருத்தே இருக்கவேண்டும். அக்கருத்து மூலத்தின் சூழலை விட்டு விலகித் தனித்து நிற்கவேண்டும் என்பது அது. இதற்கு முன்மாதிரியாக, ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சேர்த்துவைத்த ஏறத்தாழ 90,000 சீட்டுகள் காட்டப்படுகின்றன. ஆயின், கோட்பாட்டாளர் ஒருவர் தம் சிந்தனைக்காகத் தாமே எழுதிய சீட்டுக்குப் பொருந்தும் விதி, பிறர் எழுதிய களச்சான்றை இயந்திரம் பிரிக்கும்போதும் பொருந்தும் என்பது எங்கும் நிறுவப்படவில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் காலப் படிவுகளைப் பற்றிய எழுத்துகளில் அவ்விதி செல்லுபடியாகவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சோதனைக்கு உகந்த மூலம், ப்ருஹத்காயோசாரஸ் மேட்லியி என்ற டைனோசருக்குப் பெயரிட்ட யாதகிரி, அய்யாசாமி ஆகியோரின் கட்டுரை. 1987ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்று 1989இல் வெளியான அது, கல்லமேட்டுக்கு அருகே கிடைத்த பேரெலும்புகளை விவரித்து, அவ்விலங்கைத் தெரோபாட், அதாவது இருகாலில் நடந்த ஊனுண்ணி, என வகைப்படுத்தியது. கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்றும் அது பதிவுசெய்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அளவை வைத்துக்கொண்டு வகையை மறுத்தனர். அவர்கள் கருத்தில் அது சாரோபாட், அதாவது நீள்கழுத்துத் தாவர உண்ணி. எலும்பே அல்ல, கல்லான மரம் என்று ஐயுற்றோரும் உண்டு. எலும்புகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. மண்ணிலிருந்து எடுத்தபின் அவை நொறுங்கி அழிந்துவிட்டன. எஞ்சியவை அக்கட்டுரையின் சொற்களும், சில கோட்டுப்படங்களும், எலும்புகள் கிடந்த இடத்தில் எடுத்த ஒளிப்படங்களுமே.

இக்கட்டுரையிலிருந்து முக்கியக் கருத்துகளை எடுத்துத் தனித்தனிக் குறிப்புகளாக்கித் தொடர்புள்ளவற்றை இணைக்குமாறு மட்டும் சொல்லும் ப்ராம்ப்ட், அதாவது இயந்திரத்துக்கு இடும் ஏவுரை, 'இவ்விலங்கு ஊனுண்ணி' என ஒரு குறிப்பையும், 'கணைக்கால் எலும்பு 2 மீட்டர்' என வேறொரு குறிப்பையும் கேட்கிறது. இரண்டும் மூலத்துக்கு உண்மையானவையே. பிழை என்று எதையும் சுட்டமுடியாது. ஆனால் முதலாவது, ஆசிரியர்கள் எலும்பின் வடிவிலிருந்து வருவித்த முடிவு. இரண்டாவது, இன்று யாராலும் மீண்டும் எடுக்கமுடியாத அளவை. குறிப்புகளாகப் பிரிந்ததும் இவ்வேறுபாடு மறைந்து, இரண்டும் ஒரே தரத்துச் செய்திகளாக நிற்கின்றன. ஆகவே, இத்தகைய மூலத்தில் குறிப்பின் அலகு கருத்தன்று, சாட்சியம் என்று கொள்வதே தகும்: யார், எந்தப் பொருளைக் கண்டு, எந்தப் படிவடுக்கில், எப்போது சொன்னார், அப்பொருள் இன்று எங்கே என்ற ஐந்தும் பிரியாமல் நிற்கும் கூற்று. ஏவுரையும் இவ்வைந்தையும் பெயர்சொல்லிக் கேட்கவேண்டும்; மூலத்தில் விடை இல்லாத இடத்தைப் பொது அறிவால் நிரப்பாமல் வெற்றாக விடும்படியும் பணிக்கவேண்டும்.

இணைப்பில் நேரும் கேடு இதைவிடப் பெரிது. விலங்கின் பெயரில் உள்ள 'மேட்லியி', திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதிய சி. ஏ. மேட்லியைச் சிறப்பிப்பது. பெயரொற்றுமையைக் கொண்டு இயந்திரம் மேட்லியின் கட்டுரையை இவ்விலங்குக்குச் சான்றாகத் தொடுக்குமானால், அவர் பார்த்திராத எலும்புக்கு அவரைச் சாட்சியாக்கியதாகும். மாவட்டப் பெயரும் நம்பத்தக்கதன்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்த கல்லமேட்டு நிலம் 1995இல் பெரம்பலூருக்குப் போய், 2001இல் அரியலூராகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடியும் அரியலூரானது. மாவட்டத்தை இணைப்புக்குத் திறவுகோலாக்கினால் ஒரே மேடு மூன்று இடங்களாகிவிடும்.

கல்லான மரம் என்ற ஐயத்துக்குச் சாத்தனூர்க் கல்மரத்தைத் துணையாக இணைப்பதும் அவ்வகையே. எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் அதே வட்டாரத்தது. ஆனால் கல்லமேட்டு அடுக்கைவிடப் பழைய படிவில் கிடப்பது. வட்டாரத்தில் கல்மரம் உண்டு என்பதற்கு அது சான்றாகுமே தவிர, கல்லமேட்டில் கிடந்தது மரம் என்பதற்கு ஆகாது. இணைப்பு படிவடுக்கின் வழியே செல்லவேண்டும். அத்துடன் 'உறுதிசெய்கிறது', 'மறுக்கிறது', 'மறுவகைப்படுத்துகிறது', 'இதைச் சார்ந்திருக்கிறது' என்று தன் தன்மையையும் சொல்லவேண்டும். 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைகள் டைனோசர் முட்டைகள் எனப் பரவி, அம்மோனைட் என்னும் கடலுயிரியோடு தொடர்புடைய கற்கோளங்கள் எனப் பின்னர் விளக்கப்பட்டன. அச்செய்தியை, 2009இல் செந்துறைப் பக்கம் முட்டைப் புதைபடிவங்கள் கிடைத்ததாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்ததோடு தன்மை குறிக்காமல் இணைத்தால், மறுக்கப்பட்ட செய்தி மற்றதன் பலத்தில் மீண்டும் எழுந்துவிடும்.

இத்தனை விவரம் கேட்டால் குறிப்பு நீளும் என்பது உண்மை. சுருக்கம் இங்கே நோக்கமன்று என்பதால் அதை விரிவாக எதிர்கொள்ளத் தேவையில்லை. மேம்பட்ட செயலிகள் வந்தால் சிக்கல் தானே தீரும் என்பாரும் உளர். மூலம் சொல்லாததை எந்தச் செயலியும் மூலத்திலிருந்து எடுக்கமுடியாது. சற்றே எடையுள்ள தடை வேறொன்று: சான்றின் தரத்தை அளப்பது ஆய்வாளரின் வேலையே அன்றி ஏவுரையின் வேலையா என்பது. இங்கு கோரப்படுவது தீர்ப்பன்று. தீர்ப்புக்கு வேண்டியவை பிரிப்பின்போதே உதிர்ந்துவிடாதிருக்க வேண்டும் என்பதே.

2022இல் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும் அதுவரை வெளிவராத களப்படங்களை வெளியிட்டு, அது டைட்டனோசார் வகைச் சாரோபாடே என வாதிட்டனர். அவ்வெளியீடு 1989 கட்டுரையின் மூன்று கூற்றுகளோடு மூன்று விதமாக இணைகிறது: எலும்புகள் இருந்தன என்பதை உறுதிசெய்கிறது, ஊனுண்ணி என்பதை மறுவகைப்படுத்துகிறது, 2 மீட்டர் என்பதைப் படத்தின் அளவுக்கு ஆதரிக்கலாம், எலும்பைத் தொட்டு அளந்ததாகாது. இவ்விலங்கு நூறு டன்னைத் தாண்டியது என அண்மையில் வெளிவந்த எடை மதிப்பீடுகளை 'சார்ந்திருக்கிறது' என்ற இணைப்பால் கட்டவேண்டிய இடம் 2022 வெளியீடன்று, அந்த 1989 அளவைதான்.