கே. எஸ். கிருஷ்ணனும் படிகத்தின் திசைகளும்

ஒரு திண்மப் பொருள் கடினமானதா, மின்சாரத்தைக் கடத்துமா என்று கேட்டால் போதாது. எந்தத் திசையில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதைப் படிகங்களிடம் துல்லியமாகக் கேட்டு விடை பெற்றவர்களில் முன்வரிசையில் நிற்பவர், 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவோடு மட்டுமே அவர் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம். டாக்காவிலும் பின்னர் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப் பண்பு குறித்து அவர் செய்த ஆய்வு அதற்குச் சிறிதும் குறைந்ததல்ல.

அவருடைய முறை எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகம் ஒன்றைக் காந்தத் துருவங்களுக்கு நடுவே தொங்கவிடுவார். காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுமானால், படிகம் தனக்கு உகந்த நிலைக்குத் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் பிடிப்பு விட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். அந்த முறுக்குக் கோணத்தைக் கொண்டு, காந்தப் பண்பில் படிகத்தின் இரு திசைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம்.

இப்படி அவர் அளந்தவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கிராஃபைட். வைரமும் கிராஃபைட்டும் கார்பன்தான். வேறுபாடு பிணைப்பில் இருக்கிறது. வைரத்தின் அமைப்பை பிராக் தந்தையும் மகனும் 1913-இல் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தனர். அதில் ஒவ்வொரு கார்பனும் நான்கு திசைகளில் நான்கு அணுக்களைச் சகப்பிணைப்பால் பற்றியிருக்கிறது. பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். இணைதிறன் எலக்ட்ரான்கள் நான்கும் பிணைப்புகளிலேயே கட்டுண்டு கிடப்பதால் மின்சாரம் பாய வழியில்லை. ஆனால் அந்த விறைத்த பிணைப்புகள் வழியே அதிர்வுகள் விரைந்து பரவுவதால், அறை வெப்பநிலையில் செம்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தை வைரம் கடத்துகிறது.

கிராஃபைட்டில் ஒவ்வொரு அணுவும் ஒரே தளத்தில் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைகிறது. தளத்துக்குள் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், வைரத்தைவிடக் குறைவு. அடுத்த தளமோ 3.35 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கிறது. மிஞ்சும் நான்காவது எலக்ட்ரான் தளம் முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. கிருஷ்ணனின் அளவீட்டில் வெளிப்பட்டது இந்த எலக்ட்ரான்தான். காந்தப்புலம் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போது கிராஃபைட் அதை எதிர்க்கும் தன்மை, தளத்துக்கு இணையாக இருக்கும்போது உள்ளதைவிட ஏறத்தாழ 40 மடங்கு. இணைத் திசையில் கிடைக்கும் மதிப்போ வைரத்தின் மதிப்புக்கு அருகிலேயே நிற்கிறது. அணு ஒன்றுக்கு ஓர் எலக்ட்ரான் தளத்துக்குள் தடையின்றி உலவுகிறது என்று சக ஆய்வாளர் கங்கூலியோடு சேர்ந்து அவர் விளக்கினார். தளத்தின் வழியே பாயும் மின்சாரம் குறுக்கே பாய்வதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிதாகப் பாய்வதையும் இருவரும் அளந்து காட்டினர். படிகத்தைத் தூளாக்கி அளந்திருந்தால் எல்லாத் திசையும் கலந்து ஒரு சராசரி எண்தான் கிடைத்திருக்கும். இந்த உண்மை அதில் புதைந்து போயிருக்கும்.

தளங்களுக்கு இடையே ஈர்ப்பு மெலிந்திருப்பதால்தான் கிராஃபைட் வழுக்குகிறது என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மையே. வெற்றிடத்தில் அது நன்றாக வழுக்குவதில்லை, விரைவில் தேய்ந்துபோகிறது. காற்றிலுள்ள நீராவி அதன் பரப்பிலும் விளிம்புகளிலும் ஒட்டினால்தான் உராய்வு குறைகிறது. விண்கலங்களில் மாலிப்டினம் டைசல்பைடை நாடுவது இதனால்தான்.

கார்பனின் பிணைப்புகளுக்குத் திசை உண்டு; சாதாரண உப்பில் நிலைமை வேறு. அயனிகளுக்கிடையேயான மின்கவர்ச்சிக்குத் தனித்த திசை கிடையாது. ஆனாலும் ஒரு வரிசை சற்று நகர்ந்தால் ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து விலக்க, படிகம் கனசதுரமாகப் பிளக்கிறது.

வைரமும் திசைக்குக் கட்டுப்பட்டதே. எண்முகியின் முகங்களுக்கு இணையான தளங்களில் அறுபட வேண்டிய பிணைப்புகள் குறைவு. அங்கே சரியாகத் தட்டினால் உலகின் மிகக் கடினமான இந்தக் கனிமம் இரண்டாகப் பிளந்துவிடும். பட்டை தீட்டுபவர்களும் கல்லைத் தேயும் திசை பார்த்தே சக்கரத்தில் வைக்கிறார்கள். தீட்டப் பயன்படுவதும் வைரத்தூள்தான். அதன் துகள்கள் எல்லாத் திசைகளிலும் கிடப்பதால், கடினமான முகத்தைக் காட்டும் சில துகள்கள் எப்போதும் இருக்கும்; கல்லின் இளகிய திசையை அவை தேய்த்துவிடுகின்றன.