ஐஸ் குச்சிப் பாலமும் அடையாற்றின் உடைந்த பாலமும்



போன வாரம் அடையாறிலிருந்து பேரன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். கையில் ஒரு பை நிறைய ஐஸ் குச்சி, ஒரு டப்பா ஃபெவிகால். "பாட்டி, ஸ்கூல்ல பாலம் கட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க எத்தனையோ வருஷம் இதைச் சொல்லிக் குடுத்தீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்றான்.

உண்மைதான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆளுக்கு நூறு குச்சி. ஃபெவிகால் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. இரண்டு மேசைகளை 40 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டு, நடுவில் பாலத்தை வைத்து, அதில் ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, சொம்பு சொம்பாக மணல் கொட்டுவோம். பாலம் 'டப்'பென்று உடையும்போது வகுப்பே கூச்சல் போடும். வாளியின் எடையைப் பாலத்தின் எடையால் வகுத்து, யாருக்கு அதிகம் வருகிறதோ அவருக்கு முதல் பரிசு.

முதல் சில வருடங்கள் கடையில் குச்சி பாக்கெட்டாகக் கிடைக்காது. பள்ளி வாசலில் குச்சி ஐஸ் விற்பவரிடம் சொல்லிவைத்து, தின்று போட்ட குச்சிகளைப் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் காயவைப்போம். பிறகுதான் மாடவீதிக் கடைகளில் பாக்கெட் வந்தது. குச்சி ஐஸுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் என்பவர் 1924-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தன் குச்சியில் உலகமெங்கும் பிள்ளைகள் பாலம் கட்டுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

இந்தப் பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்தது முக்கோணம். நாலு குச்சியைச் சதுரமாகக் கோத்து ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியைக் கோத்தால் சாயாது. ஒரு குச்சி முறிந்தால்தான் உண்டு. 1844-ல் அமெரிக்காவில் பிராட் என்ற தந்தையும் மகனும், 1848-ல் இங்கிலாந்தில் வாரன் என்பவரும் காப்புரிமை பெற்ற சட்டங்கள் எல்லாம் இந்த முக்கோணத்தின் பிள்ளைகள்தான். நம் ஊர் ரயில் பாலங்களில் நீங்கள் பார்க்கும் குறுக்குச் சட்டங்களும் அதே குடும்பம். பாரம் ஏறும்போது மேல் சட்டம் நெருக்கப்படும், கீழ்ச் சட்டம் இழுக்கப்படும். பெரும்பாலும் குச்சி முறியாது, ஒட்டு விட்டுப்போகும். அதனால்தான் ஒட்டிய இடத்தில் துணி கிளிப்பை மாட்டி ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரண்டு ராத்திரி.

இவ்வளவும் சரியான பாடம்தான். ஆனால் பாதிப் பாடம். அதை எனக்குப் புரியவைக்க முயன்ற ஒரு மாணவிக்கு நான் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டேன். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

1990களின் கடைசியில் என்று நினைவு. கடலோரக் குப்பத்திலிருந்து வந்து படித்த பெண். பெயர் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் எல்லாம் மேசையில் வைக்கப் பாலம் கொண்டுவந்தபோது, அவள் ஓர் அலுமினியத் தட்டில் மணலை நிரப்பி, அதில் கால் ஊன்றிய பாலத்தைத் தூக்கி வந்தாள். நூறு குச்சியில் பாதிக்கு மேல் கால்களுக்கே போயிருந்தது. மேலே ஒற்றை வரிசைதான். "மிஸ், இதுல வாளி மாட்டாதீங்க. பக்கத்துலேர்ந்து தண்ணி ஊத்திப் பாருங்க" என்றாள். எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்லிவிட்டு, மணலிலிருந்து பாலத்தைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். மூன்று கிலோவில் உடைந்தது. அவள் அழவில்லை. "எங்க தாத்தா பாலம் மேல கனம் ஏறி உடையலை மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

தாத்தா பாலம் என்று அவள் சொன்னது, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தை. இப்போது அது படம் எடுக்கிற இடம், மாலையில் காற்று வாங்கப் போகிற இடம். ஆனால் 1967-ல் அது கட்டப்பட்டது மீனவர்கள் இக்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் நடந்து போவதற்கு. பத்தே வருடம்தான். 1977-ல் ஆற்றின் வேகத்தில் ஒரு பகுதி சரிந்தது. அதன்மேல் லாரி ஏறவில்லை, கூட்டம் ஏறவில்லை. வெள்ளம் கீழே வந்து காலை வாரிவிட்டது. அதன்பின் யாரும் அதைச் சீர்செய்யவில்லை.

இது எப்படி நடக்கிறது? ஓடும் தண்ணீருக்கு நடுவில் ஒரு தூண் நின்றால், தண்ணீர் அதில் மோதிக் கீழே இறங்கிச் சுழலும், இரண்டு பக்கமும் வேகமாக ஓடும். அந்தச் சுழல் தூணைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியில் மணல் கரைகிறதே, அதேதான். தூண் எவ்வளவு பலமாக இருந்தாலும், நிற்க மண் இல்லாவிட்டால் என்ன செய்யும்? இதற்காகத்தான் நம் நாட்டின் பெரிய ஆற்றுப் பாலங்களுக்குக் கிணற்று அடித்தளம் போட்டார்கள். ஆற்று மணலில் உறைகிணறு மாதிரி கட்டி, உள்ளே மண்ணை அள்ள அள்ள அது கீழே இறங்கும். அரிப்பு எட்டாத ஆழம் வரை இறக்கிவிட்டு, அதன்மேல் தூணை எழுப்புவார்கள்.

அன்றைக்கு இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பாலங்களின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பெண்ணின் சொல் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

ஸ்காட்லாந்தில் டே என்ற ஆற்றின்மேல் ஒரு ரயில் பாலம் கட்டினார்கள். 1878 பிப்ரவரியில் அதன்மேல் கனமான எஞ்சின்களை ஓட்டிச் சோதித்தார்கள். பாலம் தேறியது. 1879 டிசம்பர் 28 அன்று புயல் அடித்தபோது, ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மேலிருந்து அழுத்தும் பாரத்தைச் சோதித்தவர்கள், பக்கத்திலிருந்து தள்ளும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. என் வாளியும் அந்த எஞ்சின் மாதிரிதான். நாம் என்ன கேட்கிறோமோ அதற்கு மட்டும்தான் பாலம் பதில் சொல்லும்.

நம் ஊரில் 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அங்கேயும் எதிரி தண்ணீர்தான்.

பாம்பன் பாலத்தையும் பாருங்கள். 1914-ல் திறந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அந்தப் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களைக் கடலில் தள்ளியது. ஆனால் தூண்கள் நின்றன. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பில், 46 நாளில் பாலம் மறுபடி எழுந்தது. கால் நின்றதால்தான் உடம்பைத் தூக்கி வைக்க முடிந்தது. கால் போன அடையாற்றுப் பாலம் ஐம்பது வருடமாக அப்படியே கிடக்கிறது.

சைதாப்பேட்டையில் இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்தது மர்மலாங் பாலம். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டித் தந்தவரும் அவரே. கட்டியதோடு விடாமல், பாலத்தைப் பராமரிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கிவைத்தார். அதுதான் என்னை வியக்கவைக்கிறது. பாலத்தைத் திறந்துவைத்த நாளோடு வேலை முடிவதில்லை என்று முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. 1960களில் புதுப் பாலம் வரும்வரை அந்த வழியில்தான் ஊர் அடையாற்றைக் கடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே இடத்தில் போக்குவரத்தை நிறுத்தும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். ஆறு தூங்குவதுபோல் இருக்கும், தூங்குவதில்லை.

சரி, பேரனின் பாலத்துக்கு வருகிறேன். முக்கோணம் வைத்து நன்றாகவே கட்டினான். வாளியில் 22 கிலோ வரை தாங்கியது. அதற்குமேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். "இப்ப இன்னொரு பரீட்சை" என்று சொல்லி, துணி ஊறவைக்கும் டப்பில் மணல் பரப்பி, பாலத்துக்கு நாலு கால் ஒட்டி ஊன்றவைத்தேன். பக்கத்திலிருந்து மக்கில் தண்ணீர் ஊற்றினான். இரண்டாவது மக்கிலேயே ஒரு கால் இறங்கியது, பாலம் சாய்ந்தது. 22 கிலோ தாங்கிய பாலம்! பையன் முகத்தைப் பார்க்கணுமே. பிறகு அவனே காலை நீட்டி, ஆழமாக ஊன்றி, சுற்றிலும் பூந்தொட்டியில் இருந்த சரளைக் கல்லைப் போட்டான். எட்டு மக் ஊற்றியும் நின்றது.

அன்று அந்தப் பெண் என்னிடம் கேட்டது இந்த இரண்டு மக் தண்ணீர்தான். ஐந்து நிமிட வேலை. விதி விதி என்று அதைக்கூட நான் செய்யவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரு நல்ல பாடத்தை இழந்தார்கள். அவள் அதைவிட அதிகம் இழந்திருப்பாள். தனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் செல்லாது என்று நினைத்திருப்பாள்.

அம்மா, இதை நீ படித்தால், அல்லது உன்னோடு படித்தவர்கள் யாராவது உனக்குக் காட்டினால், தெரிந்துகொள். உன் பாலம் சரி. உன் கேள்வியும் சரி. மதிப்பெண் போட்ட நான்தான் தவறு. மந்தைவெளியில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். வா, அந்தத் தட்டையும் மணலையும் வைத்து மறுபடி சோதித்துப் பார்ப்போம்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாலத்தை வகுப்பில் கட்டவைத்தால், வாளிக்குப் பக்கத்தில் ஒரு மக் தண்ணீரும் வையுங்கள். எப்படிச் சோதிக்கலாம் என்று பிள்ளைகளையும் ஒரு முறை கேளுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் மிஸ்