மஞ்சத் தண்ணியும் ஒரு மெட்ராஸ் டாக்டரும்

சக்குபள்ளத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். 2009ல் அவருக்கு மூளையில் லிம்போமா என்றார்கள். ஆபரேஷனில் எடுக்கிற கட்டி இல்லை, மருந்துதான் என்று மதுரையில் சேர்த்தோம். நான் துபாயிலிருந்து பத்து நாள் லீவில் போயிருந்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கும் மஞ்சள் மருந்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, இந்த மஞ்சத் தண்ணி எந்த ஊருச் சரக்கு?"

"அமெரிக்கா, சித்தப்பா" என்று சொல்லி வைத்தேன். அது பாதிதான் சரி என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். அதன் கதை எல்லாப்பிரகட சுப்பாராவிடம் தொடங்குகிறது. 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். 1920களில் அமெரிக்கா போனவர் திரும்பவே இல்லை.

லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையிலான குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. செல் பெருக அது வேண்டும். அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தது அமினோப்டெரின். என் தொழில் பாஷையில் சொன்னால் கள்ளநோட்டு! செல் நல்ல நோட்டு என்று நம்பி வாங்கிக்கொள்ளும், ஆனால் செலவழிக்க முடியாது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்தான் முதலில் திவாலாகும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு வாரம் 10, 20 மில்லிகிராம் போதும். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் இருக்கிறது. அதைத் தாண்ட, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 3 கிராமோ அதற்கு மேலோ ஏற்றுகிறார்கள். அப்படியே விட்டால் ஆளையே கொன்றுவிடும். அதனால் மறுநாள் லூக்கோவோரின், அதாவது அசல் நோட்டு கொடுத்து நல்ல செல்களை மீட்கிறார்கள். மருந்து சிறுநீரகத்தில் படியாமலிருக்க சலைனும் சோடா உப்பும்.

சித்தப்பா அதற்குப் பிறகு மூன்று வருஷம் காய் பறிப்பைப் பார்த்தார். 2012ல் கட்டி திரும்ப வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"மெட்ராஸ்ல படிச்சவரோட சரக்கு, சித்தப்பா" என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். உடனே அடுத்த கேள்வியும் கேட்டிருப்பார், எனக்குத் தெரியும்:

"அந்தாளு அப்புறம் ஊருக்கு வந்தாராடா?"