கொழுப்பு வாழவைத்த பிள்ளைகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பெரியவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் ரொறன்ரோவில் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் சிலர் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கும், பிரஷரும் ஏறியிருக்கும். உடன் வந்த வயதான தாய் மெல்லக் கேட்பார்: "நான் பட்டரை அள்ளி அள்ளிக் கொடுத்து வளர்த்ததாலா இது?" அந்தத் தாய்மாருக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிறப்போடு வரும் நோய். உயிரணுக்களின் சுவரில் உப்பையும் நீரையும் கடத்தும் வாசல் பழுதாகிவிடுவதால் உடம்பின் சுரப்புகள் தடித்துப்போகின்றன. நுரையீரலில் சளி கட்டிக் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் குழாய் அடைபட்டு, கொழுப்பைச் செரிக்கும் நொதி குடலுக்கு வந்து சேருவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டும் பிள்ளை மெலிந்துகொண்டே போகும்.

1938இல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதியவர் நியூயோர்க் குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றில் நோய்க்குறியியலாளராக இருந்த டொரதி அண்டர்சன். 49 பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டி, கணையத்தின் தழும்பையும் நுரையீரலின் சீழையும் ஒரே நோயாகச் சேர்த்துக் காட்டினார். பெண் என்பதால் சத்திரசிகிச்சைப் பயிற்சி மறுக்கப்பட்டவர் அவர். பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளின் இதயங்களையும் சேகரித்து ஆராய்ந்துவந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இதயத்தைத் திறக்கத் துணிந்த சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு இதயத்தின் அமைப்பைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. இந்த நோயின் முதல் பக்கத்தை எழுதிய கைக்கு இதயமும் நன்கு பழக்கமானது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டாகிறது.

அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைகளின் இதயம் கெட்டது வேறு வழியில். சளியால் அடைபட்ட நுரையீரலில் ஒக்சிசன் குறையும்போது அங்குள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அந்தச் சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளவேண்டிய வலப்பக்க இதயம் தடித்து, வீங்கி, ஒரு நாள் தளர்ந்துபோகும். கால் வீங்கும், ஈரல் வீங்கும். அது தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்று வைத்தியர்கள் அறிவார்கள். இடப்பக்க இதயத்தைப் பற்றியோ, இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாய்களில் கொழுப்புப் படிவதைப் பற்றியோ யாரும் கவலைப்படவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டுவதே அரிதாக இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கவலை எதற்கு?

உணவுக்கு வருகிறேன். கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகிறது. ஆகவே கொழுப்பைக் குறை, புரதத்தைக் கூட்டு. பல ஆண்டுகள் இதுதான் எல்லா இடத்திலும் விதி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. வயிற்றுவலி குறையும், மலத்தின் நாற்றம் குறையும், பெற்றோருக்கும் நிம்மதி. ஆனால் ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. மூச்சு விடுவதற்கே மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி செலவழிக்கும் பிள்ளையிடமிருந்து, மிகச் செறிவான உணவை நாங்களே பறித்துக்கொண்டிருந்தோம்.

1970களின் தொடக்கத்தில் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் டக்ளஸ் குரோசியர் என்ற வைத்தியர் இந்த விதியைத் தூக்கிப்போட்டார். கொழுப்பு செரிக்கவில்லையென்றால் நொதியைக் கூட்டிக் கொடுங்கள், கொழுப்பில் கைவைக்காதீர்கள் என்றார். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிக் குளிசைகள் அப்போதே இருந்தன. ஆனால் வயிற்று அமிலம் அவற்றில் பெரும்பங்கை அழித்துவிடும். அதனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு கை நிறையக் குளிசை விழுங்கவேண்டியிருந்தது. அமிலத்தைத் தாங்கும் உறையிட்ட மணிகள் 1970களின் கடைசியில் வந்த பிறகே எண்ணிக்கை குறைந்தது.

அந்த வீடுகளின் சமையலறையை அப்போதைய தாய்மார் சொல்லித்தான் அறிவேன். முழுப்பாலில் கிறீமும் சேர்த்துக் கலக்கிய குவளை. பட்டரில் பொரித்த முட்டை, அதன்மேல் இன்னும் கொஞ்சம் பட்டர். படுக்கப்போகும் முன் ஐஸ்கிறீம். பக்கத்து வீட்டுக்காரர் கொலஸ்ட்ரோலுக்குப் பயந்து மாஜரினுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள், உறவினர்கள் புத்தி சொன்னார்கள். வைத்தியர் சொன்னதை நம்பி, குளிசைகளை எண்ணி வைத்து, பிள்ளை தட்டைக் காலி செய்யும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் இவர்கள்.

1988இல் ரொறன்ரோவையும் பொஸ்ரனையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. இரு இடத்திலும் ஏறத்தாழ 500 நோயாளிகள். சிகிச்சை முறைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ரொறன்ரோவில் தட்டில் கொழுப்பு அதிகம், அவ்வளவுதான். ரொறன்ரோவில் பாதிப் பேர் 30 வயதைக் கடந்து வாழ்ந்தார்கள். பொஸ்ரனில் அந்த எல்லை 21 வயது. ரொறன்ரோப் பிள்ளைகள் உயரமாகவும் வளர்ந்திருந்தார்கள். ஒன்பது ஆண்டு! அதன்பிறகு கொழுப்பு மிகுந்த உணவு உலகெங்கும் விதியாயிற்று. அடுத்த ஆண்டே, 1989இல், இந்த நோய்க்குரிய மரபணுவைக் கண்டறிந்த குழுவில் இதே ரொறன்ரோ வைத்தியசாலையின் லாப்-சீ சூய் இருந்தார்.

அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. நுரையீரல் முற்றாகப் பழுதான நோயாளிக்கு, இறந்தவர் ஒருவரின் நுரையீரலையும் இதயத்தையும் ஒன்றாகவே பொருத்துவார்கள். சத்திரசிகிச்சைக்கு அப்போது அதுவே வசதியாக இருந்தது. அப்படியானால் நோயாளியின் சொந்த இதயம்? அது இன்னும் நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து, இதயம் செயலிழந்த வேறொருவருக்குப் பொருத்தினார்கள். இங்கிலாந்தின் ஹெயர்ஃபீல்டில் மக்டி யாக்கூப் இதைச் செய்தார். 1987 மே மாதம் பால்ற்றிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி ஒருவரின் இதயம் இன்னொருவரின் நெஞ்சில் துடித்தது. பல ஆண்டுகள் சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி அந்த இதயங்களின் வலப்பக்கம் தடித்திருந்ததால், நுரையீரல் இரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு அவை இன்னும் பொருத்தமாக அமைந்தன. இந்த நோயோடு வளர்ந்த உடம்புகள் பல, இன்னொருவரை வாழவைக்கக்கூடிய இதயத்தோடு இருந்தன. தாய்மாரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு நுரையீரலையும் மட்டும் மாற்றும் முறை கைவந்த பிறகு இந்த இதயக் கொடை அருகிப்போயிற்று.

பிறகு காலம் வேகமாக மாறியது. 2012இல் பழுதான வாசலையே திறக்கவைக்கும் முதல் மருந்து வந்தது. மூன்று மருந்துகள் சேர்ந்த ட்ரிகாஃப்டா 2019இல் அமெரிக்காவிலும், 2021இல் கனடாவிலும் அனுமதி பெற்றது. சளி இளகியது, எடை ஏறியது. முன்பெல்லாம் தின்ற கொழுப்பில் நிறைய வெளியே போய்விடும், கொலஸ்ட்ரோலும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். இப்போது உடம்பு அதைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த மருந்து எடுப்பவர்களுக்கு இரத்த அழுத்தமும் சற்று ஏறுகிறது. தழும்பேறிய கணையத்தால் வரும் நீரிழிவு பெரியவர்களில் பாதிக்கு நெருங்கிய பேருக்கு உண்டு. வயதும் இதோடு சேரும்போது, எல்லா மனிதருக்கும் வரும் மாரடைப்பு இவர்களுக்கும் வரக்கூடிய நோயாகிவிட்டது. 2020இல் அமெரிக்க உணவியலாளர் சங்கத்தின் வழிகாட்டுதல், கண்மூடித்தனமான கொழுப்பை விட்டு, வயதுக்கேற்ற நல்லுணவுக்குத் திரும்பச் சொன்னது.

இதைச் சொல்லும்போது சிலர் அழுகிறார்கள். நாற்பது வருடம் உயிர் காத்த பழக்கத்தைக் கைவிடுவது எளிதல்ல. எடை குறைந்தாலே சாவு நெருங்குகிறது என்று கற்றவர்கள் அவர்கள். பட்டரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதில்லை. ஒலிவ் எண்ணெய், கச்சான், மீன் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறேன்.

ஆனால் பத்தில் ஒருவருக்கு இந்தப் புதிய மருந்து பயன்படாது. அவர்களுடைய மரபணுப் பிழை வேறு வகை. எங்கள் துணைக்கண்டத்து வேருள்ள குடும்பங்களில் இந்த நிலை ஐரோப்பியரைவிட அதிகம். அவர்களுக்குக் குரோசியர் காட்டிய வழிதான் இன்றும். முழுப்பால், முட்டை, நெய், சாப்பாட்டோடு நொதிக் குளிசை என்று எழுதிக்கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை கொலஸ்ட்ரோலும் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.