உயர்நிலைப் பள்ளிகளில் சித்திரக் கல்வி

சித்திரக் கல்வி என்பது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் மாணாக்கருக்குக் கோடு, உருவம், வண்ணம் ஆகியவற்றில் அளிக்கப்படும் பயிற்சியாகும். வாரத்தில் ஒன்றிரண்டு பாடவேளை இதற்கென ஒதுக்கப்பட்டு, 'டிராயிங் மாஸ்டர்' என்றே ஊரார் அழைத்துவந்த ஓவிய ஆசிரியரால் இது போதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த மம்சாபுரம் போன்ற ஒரு பேரூரில் சிறுவன் ஒருவன் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு குடத்தின் படத்தை நகலெடுக்க உட்காரும்போது, அவன் கைக்கொள்ளும் முறை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மரபின் தொடர்ச்சியாகவே இருக்கிறது.

அம்மரபின் தொடக்கம் சென்னையில் உள்ளது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தம் சொந்தச் செலவில் அங்கு ஒரு கலைப்பள்ளியை நிறுவினார். சில ஆண்டுகளில் அதனை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. கைத்தொழில் செய்வோரின் கண்ணையும் கையையும் பண்படுத்தினால் அவர்கள் படைக்கும் பொருள்கள் அழகு பெறும் என்பதே ஹண்டரின் நோக்கம். லண்டனில் 1851-இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பின்னர், ஹென்றி கோல், ரிச்சர்டு ரெட்கிரேவ் ஆகிய இருவரும் சவுத் கென்சிங்டனிலிருந்து இருபத்துமூன்று படிகள் கொண்ட ஒரு சித்திரப் பாடத்திட்டத்தைப் பரப்பினார்கள். கருவிகளைக் கொண்டு நேர்க்கோடு இழுப்பதில் தொடங்கி, தட்டைப் படங்களைப் பார்த்துப் பிரதி செய்தல், திண்மப் பொருள்களை வரைதல், நிழலிடுதல் என்று படிப்படியாக ஏறிச்சென்று, மாணவன் தன் கற்பனையால் ஒரு வடிவத்தை அமைக்கும் உரிமையை முடிவிலேதான் அடையுமாறு அது வகுக்கப்பட்டிருந்தது. சாம்ராஜ்யத்தின் பல பகுதிகளிலும் பரவிய இம்முறையின் சாயலைச் சென்னை மாகாணத்துப் பள்ளிகளும் ஏற்றன. இன்றளவும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்திவரும் தொழில்நுட்பத் தேர்வுகளில் சித்திரத்துக்குக் கீழ்நிலை, மேல்நிலை என இரு நிலைகள் இருப்பதும், 'ஃப்ரீஹேண்ட்', 'மாடல் டிராயிங்' என்ற பெயர்கள் வழக்கில் நிலைத்ததும் அந்த ஏற்பாட்டின் எச்சங்களே.

'ஃப்ரீஹேண்ட்' பயிற்சியில் அடிக்கோலுக்கு இடமில்லை. இருபுறமும் ஒத்த பூச்சாடி போன்ற உருவமாயின், முதலில் நட்டநடுவே ஒரு மெல்லிய அச்சுக்கோட்டை வரைந்து, கழுத்து, வயிறு, அடி ஆகியவற்றின் அகலங்களை அதன்மேல் புள்ளியிட்டுக் கொண்டு, இடப்பக்கத்து வளைவை முடித்த பிறகே வலப்பக்கத்தைத் தொடவேண்டும். 'மாடல் டிராயிங்' பயிற்சியில் மேசைமேல் ஒரு குடமோ பெட்டியோ உருளையோ வைக்கப்படும். குடத்தின் வாய் வட்டமானது என்று அறிந்த பிள்ளை அதை முழு வட்டமாகவே போட்டு, அடியை நேர்க்கோட்டால் முடித்துவிடும். கண்மட்டத்தை ஒட்டிய வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகவும், கண்மட்டத்திலிருந்து கீழே செல்லச்செல்ல வட்டங்கள் விரிந்தும் தோன்றுவதை ஆசிரியர் சுட்டிக்காட்டினால், அன்றுமுதல் அப்பிள்ளை தான் அறிந்ததை விடுத்துக் கண்டதை வரையத் தொடங்குகிறது. சித்திரக் கல்வியின் பிரயோசனங்களுள் தலையாயது இதுவே.

இம்முறைக்கு மாறான கொள்கையும் உண்டு. 1897-இல் வியன்னாவில் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், குழந்தையின் கையைத் திருத்தாமல் அதன் மனம்போல் வரையவிடுவதே நெறி என்றார். இலங்கையில் தலைமைச் சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எஃப். வின்சர் அத்தகைய கருத்துக்கு ஊக்கமளித்தார்; யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை முதலிய ஆசிரியர்கள் வின்சர் பெயரால் ஒரு கலைக் கழகமே கண்டனர். சித்திரம் அங்கே சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடமாகவும் ஏற்றம் பெற்றது. எனினும் அளவையும் அமைப்பையும் அப்பியாசம் செய்யாத கற்பனை நெடுந்தூரம் செல்வதில்லையாதலின், உயர்நிலை வகுப்புகளுக்குப் பழைய படிமுறையே பொருத்தமானது.

மம்சாபுரம் வட்டாரத்துக்குச் சித்திரம் பள்ளிக்கூடத்தின் வழியாக மட்டும் வந்ததன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் நாயக்கர் காலத் தூண்களில் கர்ணனும் அர்ச்சுனனும் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். பதினொரு நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் உடைய வடபத்ரசாயி கோயில் கோபுரமே தமிழ்நாடு அரசு இலச்சினையில் விளங்குவது என்று இவ்வூர்கள் பெருமை கொள்கின்றன. அவ்விலச்சினையைத் தீட்டிய ஆர். கிருஷ்ணராவ் சென்னைக் கலைப்பள்ளியைச் சேர்ந்தவர். அதே பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிவந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கி, டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய சீடர்களை உருவாக்கினார். சிவகாசி அச்சகங்கள் அவர்களுடைய லட்சுமியையும் முருகனையும் காலண்டர்களாக்கி வீடுதோறும் சேர்த்தன. சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தது மறக்கத்தக்கதன்று. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக் கட்டம் போட்டு வரையக் கற்ற பிள்ளைகள் இவ்வட்டாரத்தில் எண்ணற்றோர். பாடத்திட்டம் வகுத்தவர்கள் மட்டும் இவ்வளவு அருகிலிருந்த செல்வத்தை வகுப்பறைக்குள் அழைக்கவில்லை என்பது பெருங்குறையே.

சென்னைக் கலைப்பள்ளி 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையிலும் பின்னர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையிலும் நவீனப் போக்கில் திரும்பியது; பள்ளிச் சித்திர வகுப்போ பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றது.

தற்காலத்தில், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் நூறு மாணவர்க்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கல்விப் பகுதிநேரப் பயிற்றுநரை விதித்துள்ளது. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குச் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்டனர். அவர்களுடைய பணிநிரந்தரக் கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவருகிறது. 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெறுகின்றன. மேற்கொண்டு பயில விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சென்னை, கும்பகோணம் ஆகிய ஊர்களிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் சேரலாம்.