இக்போ, எபிரேயப் பெயர்களின் ஆன்மிகப் பொருள்

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களும் பழைய எபிரேயரும் பிள்ளைக்குப் பெயரிடுவதை வழிபாட்டின் பகுதியாகவே கொண்டவர்கள். இரு மொழிகளிலும் பல பெயர்கள் முழு வாக்கியங்கள். பெற்றோர் இறைவனிடம் சொன்ன நன்றியும் வேண்டுதலும் முறையீடும் அவற்றில் உறைந்திருக்கின்றன. அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய ஒலாடா எக்குவியானோ, 1789-இல் லண்டனில் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்த ஒப்புமையை எழுதினார். யூதரைப் போலவே தம் இக்போ மக்களும் பிறப்பின்போது நேர்ந்த நிகழ்வையோ மனத்தில் தோன்றிய முன்னறிகுறியையோ கொண்டு பிள்ளைகளுக்குப் பெயரிட்டனர் என்பது அவர் கூற்று.

இக்போ நம்பிக்கையில் ஒவ்வொருவருக்கும் 'ச்சி' என்னும் தனித் தெய்வம் உண்டு. அவரவர் விதி அதனுடன் பிணைந்தது. சினெடு என்றால் 'ச்சி வழிநடத்துகிறது'. எழுத்தாளர் சினுவா அச்சிபியின் முழுப்பெயரான சினுவாலுமோகு, ச்சி தனக்காகப் போரிடட்டும் என்ற வேண்டுதல். ஞானஸ்நானப் பெயரான ஆல்பர்ட்டை இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த காலத்தில் கைவிட்ட அவர், இந்தப் பெயரையே தக்கவைத்துக்கொண்டார். எக்கே, ஓரியே, அஃபோ, இன்க்வோ என நான்கு சந்தை நாள்கள் கொண்டது இக்போ வாரம். ஒகேகே, ஒகாஃபோர், ஒகோன்க்வோ போன்ற பெயர்கள் பிறந்த சந்தை நாளைச் சொல்கின்றன. முன்னோர் மறுபிறப்பு எடுப்பர் என்ற நம்பிக்கையிலிருந்து நென்னா, அதாவது 'தந்தையின் தாய்', போன்ற பெயர்கள் வந்தன.

இக்போப் பெயர்களில் மிகவும் உருக்கமானவை சாவைச் சுற்றி எழுந்தவை. இறந்து இறந்து அதே தாயின் வயிற்றில் மீண்டும் பிறப்பதாக நம்பப்பட்ட குழந்தை 'ஓக்பன்ஜே' எனப்பட்டது. அடுத்தடுத்துப் பிள்ளைகளை இழந்த தாய் புதிய குழந்தைக்கு 'சாவே, உன்னைக் கெஞ்சுகிறேன்' என்ற பொருளில் ஒன்வும்பிகோ என்று பெயர் வைப்பாள். அச்சிபியின் 1958-ஆம் ஆண்டு நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்' இந்தத் துயரத்தை எக்வெஃபி என்ற தாயின் வழியே காட்டுகிறது.

எபிரேய வேதத்திலும் துயரம் பெயராகிறது. பிரசவத்தில் உயிர்விடும் ராகேல் மகனைப் பெனொனி, 'என் துக்கத்தின் மகன்', என்கிறாள். தந்தை யாக்கோபோ பென்யமீன் என்று மாற்றிவிடுகிறார். பெயர் மாறினால் வாழ்வும் மாறும் என்ற எண்ணம் இங்கே வலுவானது. உடன்படிக்கையின்போது ஆபிராம் ஆபிரகாம் ஆனார். இரவெல்லாம் போராடிய யாக்கோபு இஸ்ரவேல் ஆனார். விதித்த தீர்ப்பையும் மாற்றவல்லவற்றுள் ஒன்றாக யூத சமய நூலான தல்மூது பெயர்மாற்றத்தைச் சொல்கிறது. கடும் நோயாளிக்கு 'வாழ்வு' எனப் பொருள்படும் ஹயிம் போன்ற பெயரைச் சூட்டும் யூத வழக்கம் இதையொட்டியது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பெயரிடுவர். அஷ்கெனாசி யூதர் உயிரோடிருக்கும் உறவினரின் பெயரை வைப்பதில்லை. செபராதி யூதரோ வாழும் தாத்தா, பாட்டியின் பெயரை விரும்பி வைப்பர்.

சில பெயர்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன. மிகாயேல் 'கடவுளுக்கு நிகர் யார்?' என்று கேட்கிறது; ஒன்யேகாச்சி 'ச்சியைவிடப் பெரியவர் யார்?' என்கிறது. நத்தானியேலும் சினென்யேயும் பிள்ளையைத் தெய்வம் தந்த கொடையாகவே சொல்கின்றன.

இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு இக்போக்கள் யூத வழித்தோன்றல்கள் என வாதிடுவோர் உண்டு; யூத சமயத்தைப் பின்பற்றும் இக்போக்களும் இருக்கின்றனர். ஆனால் இக்போ மொழி நைஜர்-காங்கோ குடும்பத்தையும், எபிரேயம் செமிட்டிக் கிளையையும் சேர்ந்தவை. பெயர்களின் ஒப்புமை மட்டுமே வம்சத் தொடர்புக்குச் சான்றாகாது.